ஒப்பீட்டில் ஒரு வேற்றுமை

ஆங்கில இலக்கணத்தைப் பள்ளிக்கூடத்தில் முறையாகக் கற்றவர் எவரும், ஒருவரை மற்றொருவரோடு ஒப்பிட்டுச் சொல்லும் வாக்கியத்தின் இறுதியில் எழுவாய்க்குரிய ‘ஐ’ என்னும் பிரதிப்பெயர் வரவேண்டுமா, செயப்படுபொருளுக்குரிய ‘மீ’ வரவேண்டுமா என்ற ஐயத்தால் ஒருமுறையேனும் எழுதுகோலை நிறுத்தியிருப்பர். ‘ஹீ இஸ் ஓல்டர் தேன் ஐ’ என்பதே சுத்தமான பிரயோகம் என்று பழைய இலக்கண நூல்கள் விதிக்கின்றன. ‘ஹீ இஸ் ஓல்டர் தேன் மீ’ என்பதே அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பெரும்பாலோர் வாயில் இயல்பாக வருகிறது. ‘காட்டிலும்’ என்று நாம் சொல்லும் பொருளைத் தரும் ‘தேன்’ என்னும் அந்த ஓரசைச் சொல், தனக்குப் பின்வரும் பெயரை ஆளும் தன்மையுடையதா, இல்லையா என்பதே விவாதத்தின் மூலம். இந்தச் சிறிய ஐயத்திற்குப் பின்னே ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது. அதை அறியாமல் விதியை மட்டும் மனனம் செய்தவர்கள் மறு வடிவத்தைச் சொல்பவரைக் கல்வியில்லாதவர் என்று எண்ணிவிடுகிறார்கள். விதியை வெறுத்தவர்களோ, அது யாரோ ஒரு பண்டிதர் பொழுதுபோக்காக இயற்றிவிட்டுப் போனது என்று தள்ளிவிடுகிறார்கள். இருவர் செய்வதும் நியாயமன்று என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தை வென்று அரசாளத் தொடங்குவதற்கு முன்னர் அந்நாட்டில் வழங்கிய பழைய ஆங்கிலம், இன்றைய ஆங்கிலத்தைப் போல உருபுகளை இழந்து நின்ற மொழியன்று. எழுவாய், செயப்படுபொருள், உடைமை, கொடை என்ற நான்கு வேற்றுமைகளையும் பெயர்களின் ஈற்றிலும், பெயரடைகளின் ஈற்றிலும், சுட்டுச் சொற்களின் ஈற்றிலும் வேறுபடுத்திக் காட்டிய மொழி அது. அம்மொழியில் ஒப்பிட்டுச் சொல்வதற்கு இரண்டு வழிகள் இருந்தன. இடைச்சொல் எதுவுமின்றி, ஒப்பிடப்படும் பெயரைக் கொடை வேற்றுமையில் நிறுத்திவிடுவது ஒரு வழி. இன்றைய ‘தேன்’ என்பதற்கு மூலமான இடைச்சொல்லை இட்டு, அதன் பின்னே வரும் பெயரை, எதனோடு ஒப்பிடுகிறோமோ அதன் வேற்றுமையிலேயே நிறுத்துவது மற்றொரு வழி. இரண்டாம் வழியில், எழுவாயோடு எழுவாயும் செயப்படுபொருளோடு செயப்படுபொருளும் ஒத்து நின்றன. சொல்லின் ஈறே இன்னது இன்னதோடு ஒப்பிடப்படுகிறது என்பதைக் காட்டிவிட்டதால், மயக்கத்துக்கு இடமிருக்கவில்லை.

பின்வந்த நூற்றாண்டுகளில் அந்த ஈறுகள் தேய்ந்தன. அழுத்தமின்றி ஒலிக்கப்பட்ட இறுதி உயிர்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கியதும், வடக்கே குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பேச்சோடு உறவாடியதும், நார்மானியர் ஆட்சியில் எழுத்தும் அரசவையும் பிரெஞ்சுக்கும் லத்தீனுக்கும் உரியனவாகி ஆங்கிலம் காவலின்றி மக்கள் வாயில் மட்டும் வளர்ந்ததும் அதற்குக் காரணங்கள். உடைமை உருபு ஒன்றைத் தவிர, பெயர்ச்சொற்களின் வேற்றுமை ஈறுகள் யாவும் மறைந்துபோயின. அவ்வெள்ளத்தில் அழியாமல் எஞ்சியவை, நாவில் நாள்தோறும் புரளும் சில பிரதிப்பெயர்கள் மட்டுமே: ‘ஐ’யும் ‘மீ’யும், ‘ஹீ’யும் ‘ஹிம்’மும், ‘ஷீ’யும் ‘ஹெர்’ரும், ‘வீ’யும் ‘அஸ்’ஸும், ‘தே’யும் ‘தெம்’மும், ‘ஹூ’வும் ‘ஹூம்’மும். ‘ஜான் இஸ் ஓல்டர் தேன் ஜேம்ஸ்’ என்று ஒருவர் சொன்னால், அதில் ஜேம்ஸ் எழுவாயா செயப்படுபொருளா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்லின் வடிவத்தில் விடை கிடையாது. ஜேம்ஸ் இருந்த இடத்தில் ஒரு பிரதிப்பெயரை வைத்த உடனே விவாதம் பிறந்துவிடுகிறது. ஆகவே இவ்விவாதம் முழுவதும், இடிந்துபோன ஒரு பெரிய மாளிகையில் நிலைத்து நின்ற ஆறு தூண்களைப் பற்றியது என்று கொள்ளலாம்.

அத்தூண்களும் அசையாதவை அல்ல என்பதற்கு ஒரு சான்று உண்டு. முன்னிலைப் பன்மையில் ‘யீ’ என்பது எழுவாய் வடிவமாகவும், ‘யூ’ என்பது செயப்படுபொருள் வடிவமாகவும் இருந்த காலம் ஒன்று இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ‘யூ’ தன் எல்லையைக் கடந்து எழுவாயின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலிய மொழிபெயர்ப்பு பழைய வேறுபாட்டைப் பக்தியோடு காத்தபோதிலும், பேச்சு அதைக் கைவிட்டுவிட்டது. இன்று உலகம் முழுவதும் எழுவாயாகச் சொல்லப்படும் ‘யூ’ என்ற அச்சொல் பிறப்பால் ஒரு செயப்படுபொருள் வடிவமே. அதைப் பிழையென்று சொல்ல எந்த ஆசிரியரும் முன்வரவில்லை. ‘மீ’யும் ‘ஹிம்’மும் அதே வழியில் ஓரடி எடுத்து வைத்தபோதுதான் இலக்கணிகள் விழித்துக்கொண்டார்கள்.

‘தேன்’ என்ற இடைச்சொல்லும் ‘அப்பொழுது’ என்று பொருள்படும் ‘தென்’ என்ற சொல்லும் மூலத்தில் ஒன்றே. 1611-இன் விவிலியத்திலும், 1623-இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகப் பெருந்தொகுதியிலும் ஒப்பீட்டுக்குரிய சொல் ‘தென்’ என்ற எழுத்துக் கோவையிலேயே அச்சாயிற்று. ஏறத்தாழ 1700-ஐ ஒட்டித்தான் இரண்டும் எழுத்தில் நிலையாகப் பிரிந்தன. ஆனால் எழுத்தில் பிரிவதற்கு நெடுநாள் முன்பே, அந்த இடைச்சொல்லுக்குப் பின் செயப்படுபொருள் வடிவம் வரும் வழக்கம் நல்ல ஆசிரியர்களின் நூல்களிலும் தோன்றிவிட்டது. 1560-இன் ஜெனீவா விவிலியத்தில், நீதிமொழிகளின் இருபத்தேழாம் அதிகாரத்து மூன்றாம் வசனத்தில், கல்லின் கனத்தையும் மணலின் பாரத்தையும் மூடனின் கோபத்தோடு ஒப்பிடும் இடத்தில், ‘தே’ என்னும் எழுவாய் வடிவத்துக்குப் பதிலாக ‘தெம்’ என்பதே காணப்படுகிறது. 1611-இன் மொழிபெயர்ப்பாளர்களும் அதை அப்படியே கொண்டார்கள். ஜூலியஸ் சீசர் நாடகத்தின் முதல் அங்கத்தில், காஸியஸ் என்பவன் காஸ்காவிடம், சீசரானவர் நம் இருவரிலும் வலியவர் அல்லர் என்ற கருத்தைச் சொல்லும்போது, ‘ஐ’ என்னாமல் ‘மீ’ என்றே முடிக்கிறான். மில்டன் 1667-இல் வெளியிட்ட இழந்த சுவர்க்கம் என்னும் காவியத்தின் இரண்டாம் காண்டத்தில், பெயல்சிபப் என்னும் பாத்திரம் எழுந்து பேசும் இடத்தில் வரும் ‘தேன் ஹூம்’ என்ற சேர்க்கையோ, பின்வந்த இலக்கணிகளுக்கெல்லாம் தீராத சங்கடத்தைத் தந்த ஒன்று.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். இவ்வாசிரியர்கள் காலத்தில் ஆங்கிலத்துக்கு இலக்கணம் கற்பிக்கும் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கவில்லை. இலக்கணப் பள்ளி என்று பெயர் பெற்ற இடங்களில் கற்பிக்கப்பட்டது லத்தீன் இலக்கணம். அரச ஆணையின் ஆதரவு பெற்ற வில்லியம் லிலியின் லத்தீன் இலக்கணத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் உருப்போட்டார்கள். 1586-இல் வில்லியம் புல்லோக்கர் ஆங்கிலத்துக்கென முதல் இலக்கணத்தை அச்சிட்டபோது, லிலியின் அமைப்பையே பின்பற்றினார். 1653-இல் ஜான் வாலிஸ் என்னும் கணித மேதை, ஆங்கிலத்தை லத்தீன் சட்டகத்துக்குள் திணிக்கலாகாது என்று உணர்ந்து எழுதிய நூலைக்கூட லத்தீனிலேதான் எழுதவேண்டியிருந்தது. லத்தீனில் ஒப்பீட்டுக்கு இரண்டு முறைகள் உண்டு: நீக்கற்பொருள் வேற்றுமையில் பெயரை நிறுத்துவது ஒன்று, ‘குவாம்’ என்ற இடைச்சொல்லை இட்டு இருபுறமும் ஒரே வேற்றுமையைக் காப்பது மற்றொன்று. ‘குவாம்’ எப்படியோ ‘தேன்’ அப்படியே என்று, லத்தீனில் வளர்ந்த ஓர் உள்ளம் நினைப்பது இயல்பு. பழைய ஆங்கிலமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது என்பதனால், அந்த நினைப்பு முழுவதும் பிழையுமன்று. ஆனால் விதியை வகுத்தவர்களுக்குப் பழைய ஆங்கிலம் பிரமாணமாக இருக்கவில்லை, லத்தீனே பிரமாணம்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மொழி நிலையற்று மாறிக்கொண்டிருக்கிறதே, பழங்கவிஞர் சாஸரைப் போல நாமும் சில தலைமுறைகளுக்குப் பின் விளங்காமற் போவோமோ என்ற அச்சம் இங்கிலாந்தின் ஆசிரியர்களைப் பற்றிக்கொண்டது. ஜானதன் ஸ்விஃப்ட் 1712-இல் ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவுக்கு விண்ணப்பமாக ஒரு நூலை வெளியிட்டு, ஆங்கிலத்தைத் திருத்தி நிலைநிறுத்த ஒரு சபை அமைக்கவேண்டுமென்று வாதாடினார். சபை அமையவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் பேரகராதியை முடித்து அதன் முகப்பில் ஓர் இலக்கணத்தையும் சேர்த்தார். ஆனால் சொற்கள் சேர்ந்து வாக்கியமாகும் முறையைப் பற்றி அவர் எழுதியது மிகச் சில வரிகளே. அக்குறையை நிரப்ப முன்வந்தவர் ராபர்ட் லௌத்.

லௌத் 1710-இல் பிறந்தவர். வின்செஸ்டர் கல்லூரியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்று, ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக 1741 முதல் அமர்ந்து, எபிரேயரின் புனிதக் கவிதையைப் பற்றி லத்தீனில் ஆற்றிய சொற்பொழிவுகளை 1753-இல் நூலாக்கியவர். எபிரேயச் செய்யுளின் அடிகள் ஒன்றுக்கொன்று இணையாகவும் எதிராகவும் அமைந்து பொருளைப் பெருக்கும் அழகை ஐரோப்பியர்க்கு விளக்கிக் காட்டிய பெருமை அவருடையது. பின்னாளில் லண்டனின் பிஷப்பாகி, கான்டர்பரி ஆர்ச்பிஷப் பதவி தம்மைத் தேடி வந்தபோது அதை வேண்டாமென்று மறுத்தவர். இத்தகைய ஒருவர், 1762-இல், தம் பெயரை அட்டையில் போடாமல், ஆங்கில இலக்கணத்துக்கு ஒரு சிறு முகவுரை என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார்.

அவர் வகுத்த விதி தெளிவானது. ‘தேன்’ என்பதும், ‘போல’ என்னும் பொருளில் வரும் ‘ஆஸ்’ என்பதும் தம் பின்வரும் பெயரை ஆள்வதில்லை. அப்பெயரின் வடிவம், வெளிப்படையாகவோ தொக்கோ நிற்கும் வினையையோ முன்னிடைச்சொல்லையோ பொறுத்தது. வயதை ஒப்பிடும் வாக்கியத்தின் இறுதியில் ‘ஆம்’ என்ற வினை மறைந்து நிற்பதால் ‘ஐ’ வரவேண்டும். அன்பை ஒப்பிடுமிடத்தில், அன்பு செலுத்தப்படுபவர் அங்கே நிற்பாராயின் ‘மீ’ வரவேண்டும். மறைந்துள்ள வினையை வரவழைத்துப் பார், வடிவம் தானே விளங்கும் என்பதே அவர் காட்டிய உபாயம். இன்றளவும் ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்வது அதுவே. எளிமையிலும் நுட்பத்திலும் அதற்கு மேலான ஓர் உபாயத்தைப் பின்வந்த எவரும் கண்டுபிடிக்கவில்லை என்றே சொல்லுவேன்.

ஆனால் அந்த நூலைத் திறப்பவரின் கவனத்தை ஈர்ப்பது விதியன்று, விதியின் கீழே அடிக்குறிப்பில் அணிவகுத்து நிற்கும் குற்றவாளிகளின் வரிசை. மொழியைத் திருத்தச் சபை வேண்டுமென்று கேட்ட அதே ஸ்விஃப்ட் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிற்கிறார். கவிஞர் பிரையர் நிற்கிறார். பாலிங்புரோக் பிரபு, பிஷப் அட்டர்பரி, தத்துவஞானி ஹாப்ஸ் ஆகியோரும் நிற்கிறார்கள். இவர்களோடு, நீதிமொழிகளின் அந்த வசனமும் நிற்கிறது. எபிரேய மூலத்தின் அழகை அவ்வளவு நுட்பமாக உணர்ந்த குருவானவர், தம் திருச்சபையில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பிலேயே பிழை காட்டத் தயங்கவில்லை. அவருடைய துணிவை நான் மதிக்கிறேன். எனினும், அந்த அடிக்குறிப்பு அவர் கருதியதற்கு எதிரான ஒன்றையும் நிரூபித்துவிடுகிறது. ஒரு மொழியின் தலைசிறந்த ஆசிரியர்கள் இத்தனை பேர், இருநூறு ஆண்டுகளாக, ஒரே இடத்தில் ஒரே வகையில் ‘தவறு’ செய்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர்களுடைய கவனக்குறைவாக இருத்தல் இயலாது. மொழியே அப்பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது என்பதே அதன் பொருள். லௌத் திரட்டிய சான்றுகள் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லுகின்றன.

மில்டனின் ‘தேன் ஹூம்’ அவருக்கு வேறு வகையான இடையூறாயிற்று. அங்கே மறைந்து நிற்கும் வினையை வரவழைத்தால் ‘ஹூ’ என்றுதான் வரவேண்டும். ஆனால் ‘தேன் ஹூ’ என்று எந்த நல்லாசிரியரும் எழுதியதில்லை, எந்தச் செவியும் அதை ஏற்பதில்லை. எனவே, அந்த ஒரு சொல் மட்டும் ‘தேன்’ என்பதன் பின் எப்போதும் செயப்படுபொருள் வடிவத்திலேயே வரும் என்று லௌத் ஒரு விலக்கை அமைத்தார். விதியின் கோட்டையில் அவர் தம் கையாலேயே திறந்து வைத்த வாயில் அது.

அந்த வாயிலின் வழியே நுழையக் கூடியவர் ஒருவர் அக்காலத்திலேயே இருந்தார். லௌத்தின் நூலுக்கு ஓராண்டு முன், 1761-இல், ஆங்கில இலக்கணத்தின் மூலதத்துவங்கள் என்ற நூலை வெளியிட்ட ஜோசப் பிரீஸ்ட்லி, பின்னாளில் பிராணவாயுவைக் கண்டறிந்த விஞ்ஞானி. அரசாங்கத் திருச்சபையைச் சேராத கிறிஸ்தவராதலால் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெறும் வழி அடைபட்டவர். அவ்வாறு விலக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வாரிங்டனில் நடந்த கலாசாலையில் ஆசிரியராக இருந்தவர். மொழியைக் கட்டுப்படுத்த ஒரு சபை அமைப்பது சுதந்திரமான ஒரு தேசத்தின் இயல்புக்கு ஒவ்வாது என்றும், வழக்கே இறுதிப் பிரமாணம் என்றும் அவர் கருதினார். தம் நூலை விரித்து 1768-இல் வெளியிட்ட பதிப்பில், ஒப்பீட்டுப் பெயரடையும் ‘தேன்’ என்பதும் சேர்ந்து, ஒரு பெயருக்கும் மற்றொரு பெயருக்கும் உள்ள உறவைக் காட்டுவதனால், ஒரு முன்னிடைச்சொல்லின் ஆற்றலைப் பெறுகின்றன என்றும், முன்னிடைச்சொல்லின் பின் செயப்படுபொருள் வடிவம் வருவது முறையாதலால், இங்கும் அதுவே வருவது தகும் என்றும் நியாயம் காட்டினார். காற்றை ஜாடியில் பிடித்து அதன் குணத்தைச் சோதித்த அதே முறையில், சொல்லையும் அது நிற்கும் இடத்தில் வைத்துச் சோதித்தவர் அவர். மொழி எவ்வழி செல்லுகிறது என்பதை லௌத்தைவிடப் பிரீஸ்ட்லி தெளிவாகக் கண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் பள்ளிக்கூடங்களை வென்றவர் லௌத்.

அவ்வெற்றிக்கு நாட்டின் சமூக நிலையே காரணம். வாணிபத்தால் பொருள் சேர்த்து உயர்ந்துகொண்டிருந்த நடுத்தரக் குடும்பங்கள், பிறப்பால் கிட்டாத கௌரவத்தைப் பேச்சாலும் எழுத்தாலும் பெற விரும்பின. வழக்கைப் பார்த்து நீயே தீர்மானித்துக்கொள் என்று சொல்லும் ஆசிரியரைவிட, இது சரி, அது பிழை என்று அறுதியிட்டுச் சொல்லும் ஆசிரியரே அவர்களுக்கு வேண்டியிருந்தார். அத்தேவையை எல்லோரினும் மேலாக நிறைவேற்றியவர் லிண்ட்லி மரே. பென்சில்வேனியாவில் பிறந்து, நியூயார்க்கில் வழக்கறிஞராகப் பொருளீட்டி, 1784-ஐ ஒட்டி இங்கிலாந்துக்குச் சென்று யார்க் நகரத்தின் அருகே குடியேறிய குவேக்கர் அவர். உடல் நலிந்து, இறுதி ஆண்டுகளை வீட்டை விட்டு வெளியேற இயலாமல் கழித்தவர். யார்க்கில் தம் சமயத்தைச் சேர்ந்த பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதன்பேரில் 1795-இல் அவர் தொகுத்த இலக்கணம், லௌத்தின் விதிகளைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டு, மாணவர் மனனம் செய்வதற்கேற்ற ஒழுங்கில் அடுக்கியது. லௌத்திடம் அறிஞருக்கான அடிக்குறிப்பாக இருந்தது, மரேயிடம் சிறுமியருக்கான பாடமாயிற்று. அட்லாண்டிக் கடலின் இருகரையிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் வேறெந்த இலக்கணத்துக்கும் கிட்டாத வாசகர் கூட்டம் அதற்குக் கிட்டியது.

இந்தச் சரித்திரத்தில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் வில்லியம் காபெட். சர்ரே மாகாணத்து ஃபார்ன்ஹாமில் உழவர் குடியிற் பிறந்து, பள்ளிக்கல்வி அதிகமின்றி, 1784-இல் சேனையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, சாத்தம் நகரத்துப் பாளையத்தில் நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் கூலியில் இருந்தபோது, லௌத்தின் இலக்கணம் அவர் கைக்கு வந்தது. அதை முழுவதும் கையால் எழுதிப் பிரதி செய்தார், மனனம் செய்தார், இரவுக் காவலில் நிற்கும்போதெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை தமக்குத்தாமே ஒப்பித்துக்கொண்டார். படுக்கையின் விளிம்பே நாற்காலி, முதுகில் சுமக்கும் பையே புத்தக அலமாரி, மடியில் வைத்த பலகைத் துண்டே மேசை. விளக்குக்கு எண்ணெய் வாங்கப் பணமில்லாததால், குளிர்கால இரவுகளில் கணப்பின் ஒளியில் தம் முறை வரும்போது மட்டும் படித்தார். பேனாவோ காகிதமோ வாங்கவேண்டுமானால், அரைப்பட்டினியாய் இருந்தும் உணவில் ஒரு பகுதியை விடவேண்டியிருந்தது. பிரபுக்களின் பிள்ளைகளுக்கு அலங்காரமாயிருந்த அந்தச் சிறு நூல், அவருக்கு அடிமைத்தனத்திலிருந்து வெளியேறும் வழியாயிற்று.

காபெட் பிற்காலத்தில் நாடறிந்த பத்திரிகாசிரியராகி, அரசாங்கத்தின் அடக்குமுறைக்கு அஞ்சி 1817-இல் அமெரிக்கா சென்று, லாங் ஐலண்டில் இருந்தபடி தம் மகனுக்கு எழுதும் கடிதங்களின் உருவில் ஓர் இலக்கண நூல் இயற்றினார். 1818-இல் வெளிவந்த அந்நூலைச் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் தொழில் பழகும் இளைஞருக்கும் ஏரோட்டும் சிறுவர்க்கும் சிறப்பாக உரியது என்று அறிவித்தார். மன்னரின் பேருரைகளிலிருந்தும் மந்திரிகளின் கடிதங்களிலிருந்தும் பிழைகளை எடுத்துக்காட்டி, இலக்கணமறியாத இவர்களா நம்மை ஆள்கிறார்கள் என்று ஏழைகளைக் கேட்க வைத்தார். ‘தேன்’ என்பதன் பின்வரும் வடிவத்தில் அவர் லௌத்தைவிடக் கண்டிப்பானவர்; குரு விட்டுவைத்த ‘தேன் ஹூம்’ என்ற விலக்கையும் ஏற்காமல், விதி விதியேயானால் ‘தேன் ஹூ’ என்றே எழுதவேண்டும் என்றார். அதில் அவரை எவரும் பின்பற்றவில்லை. ஆனால் அக்கண்டிப்பின் காரணத்தை உணரவேண்டும். கருணையால் தளர்த்தப்படும் விதி, தளர்த்தும் உரிமை உடைய மேலோருக்கே பயன்படும். எல்லோருக்கும் ஒன்றாயிருக்கும் விதியே எளியவன் பற்றி ஏறக்கூடிய படி என்று அவர் நம்பினார்.

இந்தியப் பள்ளிகளில் இவ்விதி அதே நம்பிக்கையோடு வேரூன்றியது. 1835-இல் மெக்காலேயின் குறிப்பை அடுத்து அரசாங்கத்தின் கல்விப் பணம் ஆங்கிலப் படிப்புக்குத் திரும்பிற்று. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. பரீட்சைத் தாளில் பிழை திருத்துக என்ற வினாவின் கீழே எளிதில் மதிப்பிடக் கூடிய வாக்கியங்கள் தேவைப்பட்டபோது, ஒப்பீட்டுப் பிரதிப்பெயர் மிகவும் வசதியாக அமைந்தது. வடமேற்கு மாகாணங்களிலும் அவுதிலும் கல்வித்துறையில் உழைத்த ஜே. சி. நெஸ்ஃபீல்டு, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய மாணவருக்கென வெளியிட்ட இலக்கண வரிசை நாடெங்கும் பரவியது. அதற்குப் பின், பம்பாய் மாகாணத்தில் கல்விப் பணியாற்றியவரும், போ ஜெஸ்த் என்னும் புகழ்பெற்ற நாவலை 1924-இல் எழுதியவருமான பி. சி. ரென், மார்ட்டின் என்பவரோடு சேர்ந்து இயற்றிய நூல், நம் மாணவர்களுக்கு இலக்கணம் என்பதன் மறுபெயராகவே ஆகிவிட்டது. குமாஸ்தா உத்தியோகமோ, வழக்கறிஞர் தொழிலோ, மேல்நாட்டுப் படிப்போ, எதை நாடினாலும் அந்தத் திறவுகோல் வேண்டியிருந்தது. காபெட்டைப் போல, தெருவிளக்கிலும் திண்ணையிலும் அமர்ந்து அவ்விதியை ஒப்பித்த நம் முன்னோர்களின் உழைப்பை எண்ணும்போது, அதை வெறும் அடிமைப் பயிற்சி என்று இகழ எனக்கு மனம் வருவதில்லை.

அறிஞருலகில் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியது டென்மார்க்கிலிருந்து. ஆட்டோ யெஸ்பர்ஸன் 1894-இல் வெளியிட்ட நூலிலேயே, ஆங்கிலப் பிரதிப்பெயர்கள் வேற்றுமை மாறுவதன் காரணங்களை நெடுக ஆராய்ந்தார். ஈறுகள் மறைந்த மொழியில் சொல்லின் இடமே அதன் கடமையைச் சொல்லுகிறது. வினைக்கு முன் உள்ள இடம் எழுவாய்க்குரியதாகவும், வினைக்குப் பின் உள்ள இடம் செயப்படுபொருளுக்குரியதாகவும் செவிக்குப் பழகிவிட்டபின், வாக்கியத்தின் கடையில் தனித்து நிற்கும் பிரதிப்பெயர் பின்னுள்ள இடத்துக்குரிய வடிவத்தைத் தானே நாடுகிறது. அவர் கண்ட இவ்வுண்மை, ஸ்விஃப்டையும் ஷேக்ஸ்பியரையும் ஒருசேரக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடுகிறது.

என்றாலும், 1926-இல் தம் பிரயோக அகராதியை வெளியிட்ட ஹென்றி ஃபௌலர், இவ்விடத்தில் பொருள் மயக்கம் நேரும் அபாயத்தை எடுத்துரைத்தார். அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ‘ஷீ லைக்ஸ் யூ மோர் தேன் ஐ’ என்றால், நான் உன்னை விரும்புவதைக் காட்டிலும் அவள் உன்னை அதிகம் விரும்புகிறாள் என்பது பொருள். இறுதியில் ‘மீ’ என்றால், அவள் என்னை விரும்புவதைக் காட்டிலும் உன்னை அதிகம் விரும்புகிறாள் என்பது பொருள். ஓர் எழுத்துக்கும் ஓர் உறவுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான். எல்லா இடத்திலும் ‘மீ’யே வருவதென்று வழக்கு நிலைத்துவிட்டால், கேட்பவர் இரண்டில் எதைக் கொள்ளுவது என்று தடுமாறுவார். வயதையும் உயரத்தையும் ஒப்பிடும் வாக்கியங்களில், பேச்சில் ‘மீ’ வருவதை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே கெடுவது ஒன்றுமில்லை. பெயர்மேல் பாயும் வினை வரும் வாக்கியங்களிலோ, லௌத் மறைந்திருப்பதாகச் சொன்ன வினையை வெளிப்படவே எழுதிவிடுவது நலம்: ‘தேன் ஐ டூ’ என்று ஒரு சொல்லைக் கூட்டினால் மயக்கமும் நீங்கும், செவிக்கு மிடுக்காகத் தோன்றும் தனி ‘ஐ’யும் இராது. இன்று நல்ல ஆங்கிலம் எழுதுவோர் பலரும் கைக்கொள்ளும் வழி அதுவே.

தமிழ் மாணவனுக்கு இதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. நம் மொழியில் ஒப்பிடப்படும் பெயர் உருபை ஏற்றே தீரவேண்டும். ‘நான்’ என்பது ஒப்பீட்டில் ‘என்னிலும்’, ‘என்னைவிட’, ‘என்னைக் காட்டிலும்’ என்று மாறாமல் நிற்பதில்லை. ஐந்தாம் வேற்றுமைக்கு ஒப்புப் பொருளும் உரியதென்று தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்த மரபு நம்முடையது; அவ்வகையில் நம் ஒப்பீடு, பழைய ஆங்கிலத்தின் உருபேற்ற ஒப்பீட்டுக்கும் லத்தீனின் நீக்கற்பொருள் வேற்றுமைக்கும் உறவானது. அத்தகைய செவியோடு ஆங்கிலம் படிக்கப் புகுந்த சிறுவனுக்கு ‘மீ’ இயல்பாகவும் ‘ஐ’ விசித்திரமாகவும் தோன்றியதில் வியப்பில்லை. ஆசிரியரின் சிவப்பு மை அவன் தாளில் அடிக்கடி பாய்ந்ததிலும் வியப்பில்லை. அதே காரணத்தால் ஆங்கிலத்தின் மயக்கம் தமிழிலும் உண்டு. ‘அவள் என்னைவிட உன்னை அதிகம் நேசிக்கிறாள்’ என்ற வாக்கியம் இருபொருளுக்கும் இடம் கொடுக்கிறது. உருபு அதைத் தீர்க்காது. நாமும் அங்கே ‘நான் உன்னை நேசிப்பதைவிட’ என்றோ, ‘என்னை நேசிப்பதைவிட’ என்றோ வினையை வெளிப்படுத்தித்தான் பொருளைத் தெளிவாக்குகிறோம்.